பூட்டிய இல்லமும் பொது அறமும்

நம் சிராவகக் குடும்பங்கள் பலவற்றிற்கு இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, பணியும் பிள்ளைகளின் கல்வியும் கருதிக் குடியேறிய நகரத்தின் முகவரி. மற்றொன்று, வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் முதலிய வட்டாரங்களில் ஏதேனும் ஓர் ஊரின் முகவரி. முன்னதில் நாம் வாழ்கிறோம். பின்னதில் நம் முன்னோர் வாழ்ந்தனர். அவ்வூரில், ஜினாலயத்திற்கு அணித்தே, திண்ணையும் முற்றமும் உடைய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. திருவிழாவை ஒட்டி ஆண்டிற்கு ஒருமுறை செல்கிறோம். துருவேறிய பூட்டைத் திறந்து, உத்திரத்தில் ஏறிய கறையானைக் கண்டு பெருமூச்சு விட்டு, மீண்டும் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறுகிறோம். அடுத்த ஆண்டு செல்லும்போது ஒரு பக்கத்துச் சுவர் சாய்ந்திருக்கிறது.

இந்நிலையில் நம்முள் ஓர் ஐயம் எழுவது இயல்பு. "மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட சமயத்தார் நாம். பன்னிரு பாவனைகளுள் முதலாவதே அநித்திய பாவனை. செங்கல்லும் மரமும் அழிவதற்காக ஏன் வருந்தவேண்டும்? விழுவது விழட்டுமே!" என்று சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். இவ்வினாவைப் புறந்தள்ளிவிட இயலாது. இதற்கு நேரிய விடை கண்ட பின்னரே பழைய இல்லங்களைக் காப்பது பற்றிப் பேசுவதில் பொருளுண்டு.

பற்று வேறு, பொறுப்பு வேறு

அநித்திய பாவனை எதனைக் கற்பிக்கிறது? உடல், செல்வம், சுற்றம், இல்லம் ஆகிய யாவும் நிலையாதவை. ஆகவே அவற்றின்மீது 'எனது' என்னும் மயக்கம் கொள்ளாதே என்று கற்பிக்கிறது. நிலையாதது என்பதால் அதனைப் பேணாது விடுக என்று அது கூறவில்லை. உடல் நிலையாததே, எனினும் நோயுற்றவனுக்கு மருந்தளிப்பதை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக வைத்தது நம் அறம். ஓலைச்சுவடியும் நிலையாததே, எனினும் செல்லரிக்கும் ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வழங்குவதைச் சாத்திர தானம் என்று போற்றியது. நிலையாத பொருளைக் கொண்டு நிலையான பயனை ஈட்டிக்கொள்வதே இல்லறத்தானின் வழி.

மேலும் ஓர் உண்மையை நாம் ஒளிக்காது எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டைப் பூட்டி வைத்திருப்பது துறவாகுமா? ஆகாது. வாழவும் மாட்டோம், பிறர் பயன்படுத்தவும் விடமாட்டோம், விற்கவும் மனமில்லை, பழுது பார்க்கவும் பொருள் செலவிட மாட்டோம். இந்நிலையில் பூட்டு நம் பற்றினையே காக்கிறது, வீட்டைக் காக்கவில்லை. 'எனது' என்னும் சொல் 'நமது' என்று விரியும்போதுதான் பற்று பொறுப்பாக மாறுகிறது.

வீடு காத்த நூல்

ஒரு வீடு வெறும் சுவரன்று என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். சமணக் கொள்கைகளும் மரபுச் சொற்களும் விளங்காது அவர் இடர்ப்பட்டார். அவருக்கு ஒளி கிடைத்த இடம் கும்பகோணத்துச் சமணர் இல்லங்கள். அங்கே சிந்தாமணியை முறையாகப் படித்துப் பொருள் கூறும் வழக்கம் அற்றுப்போகாது இருந்தது. அவ்வில்லத்தாரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தே ஐயர் 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று. அந்த இல்லங்கள் அரண்மனைகள் அல்ல. வணிகமும் தொழிலும் செய்துவந்த குடும்பத்தார் வாழ்ந்த வீடுகள். ஆனால் அவற்றின் கூடத்தில் ஒரு காப்பியம் வாய்வழியாகவும் ஏட்டுவழியாகவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அக்கூடங்கள் ஐயர் வருவதற்குமுன் பூட்டப்பட்டிருந்தால் தமிழுலகம் எதனை இழந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

எளியோர் வீடுகளும் காக்கத்தக்கவையே. ஆனால் அவற்றைக் காப்பது யார், எவ்வாறு என்பதே அடுத்த வினா. நம்மைப் போலவே எண்ணிக்கையில் சிறிய, பெரும்பொருள் இல்லாத ஒரு சமூகத்தார் இதனைச் செய்து காட்டியிருக்கின்றனர். அவர்கள் நம் நாட்டினர் அல்லர். நம் சமயத்தினரும் அல்லர். எனினும் அவர்கள் நடந்த வழியை நாம் படித்தறிவது நன்று.

புரூக்ளினில் ஒரு மறந்துபோன ஊர்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் 1827-ஆம் ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு முழுக் குடியுரிமை கிட்டவில்லை. 250 டாலர் மதிப்புள்ள நிலவுடைமை இருந்தால்தான் கறுப்பின ஆடவர் வாக்களிக்கலாம் என்று 1821-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு வரையறுத்திருந்தது. வெள்ளையருக்கு அத்தகைய சொத்துத் தகுதி வேண்டப்படவில்லை. எனவே சிறிது நிலமும் ஒரு வீடும் உடைமையாதல் அவர்களுக்குச் செல்வத்தின் அடையாளமாக மட்டும் அமையவில்லை. மனிதராக மதிக்கப்படுவதற்கு உரிய வாயிலாகவும் அமைந்தது.

1838-இல் சேம்ஸ் வீக்ஸ் என்னும் துறைமுகத் தொழிலாளர் புரூக்ளின் பகுதியில் நிலம் வாங்கினார். அவரைப் பின்பற்றிப் பிறரும் வாங்கினர். அவர் பெயரால் வீக்ஸ்வில் என்னும் ஊர் உருவாயிற்று. 1850-களில் அங்கு 500-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். பள்ளி, வழிபாட்டிடங்கள், முதியோர் இல்லம், ஆதரவற்ற சிறார் இல்லம், செய்தித்தாள் ஆகியவற்றை அவர்களே நடத்தினர். 1863-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் கலவரம் மூண்டு கறுப்பின மக்கள் தாக்கப்பட்டபோது, தப்பி ஓடியவர்களுக்கு இவ்வூர் புகலிடம் தந்தது. நம் மரபில் கூறுவதாயின், அது அபய தானம் செய்த ஊர்.

பின்னர் நகரம் பெருகியது. நேர்கோட்டுத் தெருக்கள் வகுக்கப்பட்டன. பழைய வீடுகள் இடிபட்டன. ஊரின் பெயரும் மக்கள் நினைவிலிருந்து மங்கியது. நூறாண்டுகளுக்குள் ஓர் ஊரே காணாமற் போயிற்று.

1968-ஆம் ஆண்டு சேம்ஸ் ஹர்லி என்னும் வரலாற்று ஆர்வலர் பழைய நூல்களில் இவ்வூரைப் பற்றிய குறிப்புகளைக் கண்டு தேடத் தொடங்கினார். விமானம் ஓட்டத் தெரிந்த ஜோசப் ஹேன்ஸ் என்னும் பொறியாளர் அவருக்குத் துணை நின்றார். இருவரும் சிறு விமானத்தில் ஏறி அப்பகுதியின்மேல் தாழப் பறந்து பார்த்தனர். நேரான தெருக்களுக்கு இடையே, அவற்றோடு பொருந்தாத கோணத்தில் ஒரு பழைய சந்தும், அதனை நோக்கி நின்ற நான்கு சிறு மரவீடுகளும் தென்பட்டன. அச்சந்து ஹண்டர்ஃபிளை சாலை என்னும் பழம்பாதையின் எச்சம். அவ்வீடுகள் வீக்ஸ்வில்லின் எஞ்சிய சாட்சிகள்.

கண்டவர் இருவர், காத்தவரோ ஊரார். அப்பொழுது அப்பகுதியில் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டும் நகரத் திட்டம் நடைபெற்றுவந்தது. இடித்த இடங்களில் அகழ்ந்து பார்க்கும் பணிக்கு அப்பகுதி மக்களும் சாரணச் சிறுவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரண்டனர். உடைந்த பாண்டங்களும் பழைய நிழற்படங்களும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அருகிலிருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், இவ்வீடுகளை நினைவுச் சின்னமாக அறிவிக்கவேண்டும் என்று கேட்க நகர ஆணையத்தின் முன்னரே சென்றனர். 1970-இல் நகரம் அவ்வாறே அறிவித்தது. 1973-இல் ஊரார் அமைத்த சங்கம் வீடுகளை விலைக்கு வாங்கியது.

சங்கத்தின் பொறுப்பை ஏற்ற ஜோன் மேனார்டு அம்மையார் ஓவியக் கலைஞர். 1974 முதல் 1999 வரை, கால் நூற்றாண்டுக் காலம் அவர் அப்பணியை நடத்தினார். வீடுகளைச் செப்பனிடும் பணி முற்றுப்பெற்றது 2005-ஆம் ஆண்டில். வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் 32 ஆண்டுகள்! அடுத்த ஆண்டே, 2006-இல், அவ்வம்மையார் மறைந்தார்.

அதன் பின்னும் இடர் ஓயவில்லை. 2019-இல் நிதி இல்லாது அந்நிலையம் மூடப்படும் நிலைக்கு வந்தது. பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. 4,000-க்கும் மேற்பட்டோர் தம்மால் இயன்றதை அளித்தனர். 2 இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டில் நியூயார்க் நகராட்சியும் தான் தொடர்ந்து உதவும் பண்பாட்டு நிறுவனங்களுள் ஒன்றாக அதனை ஏற்றுக்கொண்டது.

இதனால் நாம் பெறும் பாடம்

முதலாவது, அவர்கள் பணத்தைக் கொண்டு தொடங்கவில்லை. அறிவைக் கொண்டு தொடங்கினர். முதலில் ஏடுகளைப் புரட்டினர், பின்னர் இடத்தைக் கண்டனர், பின்னர் மண்ணை அகழ்ந்தனர், பின்னர் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றனர், அதன் பின்னரே விலைக்கு வாங்கினர், இறுதியாகவே செப்பனிட்டனர். நம்மவரோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். எவரேனும் ஒருவர் பொருள் தந்தால் உடனே கொத்தனாரை அழைக்கிறோம். அவர் சில நாட்களில் பழைய காரையைக் கொத்தி எறிந்து சிமெண்டு பூசி விடுகிறார். வீடு புதிதாகிறது, வரலாறு போய்விடுகிறது.

இரண்டாவது, அவ்வீடுகளுக்காக வாதாடியவர்களுள் பெரும்பாலோர் அவற்றின் வாரிசுகள் அல்லர். அப்பகுதியில் வாழ்ந்த மக்கள். நம் ஊர்களில் ஒரு வீடு பாழடைந்தால், "அது அவர்கள் பங்காளிச் சிக்கல், நமக்கென்ன?" என்று எஞ்சியோர் ஒதுங்கி நிற்கிறோம். பங்காளிச் சிக்கல் உண்மையானதே. இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணருக்கும் பொருந்துவது. 2005-ஆம் ஆண்டின் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் ஆண்மக்களோடு ஒத்த பங்கினை வழங்கியிருக்கிறது. மூன்று தலைமுறைக்குப் பாகம் பிரிக்காத வீட்டிற்கு இருபது, முப்பது பேர் உரிமையாளராக இருத்தல் கூடும். அவர்களுள் ஒருவரும் விடுபடாமல் ஒப்புதல் பெறுவது எளிதன்று. ஆனால் ஒருவர் இறந்து அவர் பங்கு மேலும் நால்வருக்குப் பிரியும்வரை காத்திருப்பது அதனினும் கடிது. ஆதலின் மூத்தோர் இருக்கும்போதே பேசி முடித்தல் வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளை அவர்கள் வேடிக்கை பார்க்க விட்டுவிடவில்லை, பணியில் ஈடுபடுத்தினர். நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது விடுமுறைக்குச் சென்று சலிப்படையும் இடமாக இருக்கிறது. அவர்கள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, "பாட்டி பிறந்தபோது இந்த அறையில் என்ன இருந்தது என்று கேட்டு எழுது" என்று சொல்லிப் பாருங்கள்.

நான்காவது, பொறுமை. 32 ஆண்டுகள் என்பது ஒருவரின் பணிக்காலம் முழுவதும். நட்டவர் வேறு, கனி காண்பவர் வேறு என்னும் தெளிவு இல்லாதார் இப்பணியில் இறங்கலாகாது.

அகிம்சை வழுவாத செப்பனிடல்

இனி நமக்கே உரிய ஒரு சிக்கலைக் கருதுவோம். பாழடைந்த வீடு உயிரற்ற இடமன்று. உத்திரத்தில் கறையான், பரணில் வௌவால், தாழ்வாரத்தில் தேன்கூடு, சுவரிடுக்கில் பல்லியும் பூரானும் குடியிருக்கும். வீட்டைக் காக்கப் புகுந்து கொலையில் முடியலாமா?

ஹிம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர். வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப ஹிம்சை. சமைத்தல், கட்டுதல் முதலிய இல்லச் செயல்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை. தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டும். ஏனைய மூன்றையும் விழிப்பினால் இயன்றவரை குறைக்கவேண்டும். பழுது பார்த்தல் ஆரம்ப ஹிம்சையின்பாற்படும். ஆகவே அதில் விழிப்பே விரதம்.

அவ்விழிப்பு கட்டடக் கலைக்கும் ஒத்தது என்பது வியப்பிற்குரியது. கறையான் ஈரத்தைத் தேடியே வருகிறது. கூரை ஒழுக்கை அடைத்து, மழைநீர் சுவரடியில் தேங்காது வடியச் செய்து, மரம் மண்ணைத் தொடாது கல்லின்மீது நிற்கச் செய்து, சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கினால் அதன் வரவு பெரிதும் குறையும். நஞ்சு தெளித்து ஈரத்தை அப்படியே விட்டுவைத்தால் அது மீண்டும் வரும். ஒழுங்காகப் பேணப்பட்ட வீட்டில் கொலைக்குத் தேவையே அரிது; பூட்டிப் போட்ட வீடுதான் பின்னாளில் பெருங்கொலைக்குக் காரணமாகிறது.

வௌவால்கள் அந்திப்பொழுதில் இரைதேடி வெளியேறும். குட்டிகள் இல்லாத காலம் பார்த்து, அவை அனைத்தும் வெளியேறிய பின்னர் வழிகளை அடைப்பதே முறை. உள்ளே அடைபட்டு ஓர் உயிரும் மாளாதவாறு இருமுறை பார்த்தல் வேண்டும். தேன்கூட்டைத் தீயிட்டு ஓட்டலாகாது. ஈக்கள் தாமே இடம்பெயரும்வரை அப்பகுதியின் பணியைத் தள்ளிவைக்கலாம். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால்தான் முனிவர்கள் சாதுர்மாசத்தில் ஓரிடத்தில் தங்குகின்றனர். நாமும் கிளறுதலும் இடித்தலும் ஆகிய பணிகளை மழைக்கு முன்னரே முடித்துக்கொள்ளல் நலம்.

பழைய சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியத் தொடங்கும். எனவே சுண்ணாம்பிற்குச் சுண்ணாம்பே தகும். சில இடங்களில் மெருகுப் பூச்சிற்கு முட்டையின் வெண்கருவைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை குழைப்பதும் பழைய முறையே. பணி தொடங்கும் முன்னரே கொத்தனாரிடம் இதனைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நம் கடமை.

எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு வீட்டையும் காத்துவிட இயலாது. ஆனால் எந்த வீடும் பதிவின்றி விழவேண்டியதில்லை. ஆகையால் முதற்பணி பதிவே. வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்தல். நீள அகலங்களை அளந்து வரைபடம் எழுதுதல். நிலைக்கதவில் உள்ள ஆண்டு, பெயர் ஆகியவற்றைப் படியெடுத்தல். மூத்தோர் கூறுவனவற்றைக் குரற்பதிவு செய்தல். இதற்குச் செலவு சிறிது; முயற்சியே பெரிது.

இரண்டாவது பணி, பரணையும் பெட்டிகளையும் பார்த்தல். ஓலைச்சுவடிகளோ கையெழுத்து நூல்களோ இருப்பின் அவற்றை எண்ணெய் பூசவோ வெயிலில் காயவைக்கவோ அவசரப்படாமல், சுவடிக் காப்பில் பயிற்சி உடையாரிடம் காட்டவேண்டும். பழம்பொருள் வாணிகர் வந்து விலை பேசினால் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள். உரிமமின்றித் தொல்பொருள் வாணிகம் செய்வதும், அவற்றைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. நூறாண்டு கடந்த பொருள்களுக்கும், 75 ஆண்டு கடந்த அரிய சுவடிகளுக்கும் அச்சட்டம் பொருந்தும்.

மூன்றாவது, ஊருக்கு ஒரு வீட்டைத் தேர்தல். உரிமையாளர் அனைவரும் இசைந்த ஒரு வீட்டை, பதிவு பெற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்து, ஜினாலயத்திற்கு வரும் யாத்திரிகர் தங்கவும், பிள்ளைகள் சமய பாடம் பயிலவும், ஊரின் ஏடுகளும் படங்களும் இருக்கவும் அமைக்கலாம். பயன்படாத வீடு மீண்டும் பாழாகும். விளக்கேற்றும் வீடே நிற்கும்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம், அதாவது நெறியில் தளர்ந்தாரை மீண்டும் நிலைநிறுத்தல். அது மாந்தரைக் குறித்ததே, சுவரைக் குறித்ததன்று. ஆனால் தன் பாட்டனார் ஸ்வாத்தியாயம் செய்த கூடத்தில் அமர்ந்து ஒரு நூலைப் பிரிக்கும் இளைஞன், தன் நெறியில் சற்றே உறுதி பெறுவான் அல்லவா? சாய்ந்த சுவரை நிமிர்த்துவதன் உண்மைப் பயன் அதுவே.

சுருத பஞ்சமியன்று ஏடுகளைத் தூசு தட்டிப் பூசித்தல் நம் மரபு. வரும் சுருத பஞ்சமிக்குக் குடும்பத்தோடு ஊருக்குச் செல்வோம். ஏட்டோடு வீட்டையும் திறப்போம்.

குடும்பத்தில் கலந்து சிந்திக்க:

1. நம் பூர்விக வீட்டைக் கட்டியவர் யார்? அவர் பெயரை நம் பிள்ளைகள் அறிவரா?

2. அவ்வீட்டில் உரிமையுடையார் எத்தனை பேர்? அவர்கள் அனைவரும் கடைசியாக ஒருங்கே கூடியது எப்போது?

3. பூட்டி வைத்தல், பேணுதல், அறத்திற்கு அளித்தல் ஆகிய மூன்றனுள் பரிக்கிரகத்தைக் குறைப்பது எது? காரணம் கூறுக.

4. அவ்வீட்டில் வாழ்ந்தோருள் இன்று நம்மோடு இருக்கும் மூத்தவர் யார்? அவரிடம் முதலில் கேட்கவேண்டிய வினா எது?

வாழ்க ஜினதருமம்!